ஆகாசத்தில் ஒரு மின்சாரக் கடை

சூரியனுக்கு ராத்திரி என்பதே கிடையாது. சாயங்காலம் ஆறரை மணிக்கு, "அஸ்தமித்துவிட்டான்" என்று சொல்லி விளக்கைப் போடுகிறோமே, அதெல்லாம் வெறும் பேச்சு. அவன் இருந்த இடத்தில்தான் இருக்கிறான். நாம் ஏறியிருக்கும் இந்தப் பூமிதான் அவனுக்கு முதுகைக் காட்டிவிடுகிறது.

மொட்டை மாடியில் வடாம் பிழிகிறவர்களுக்குச் சூரியனுடைய சுபாவத்தை நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. சித்திரை வெயில் காய்ந்தால் இரண்டே நாளில் கலகலவென்று உலர்ந்துவிடும். அன்றைக்கென்று மேகம் வந்து கவிந்துகொண்டால் பிழிந்தது அத்தனையும் புளித்துப் போகும். சூரிய ஒளியிலிருந்து மின்சாரம் எடுக்கிறவர்கள் படுவதும் இதே அவஸ்தைதான். கூரையில் பலகை வைத்தாகிவிட்டது. உச்சி வேளையில் மின்சாரம் கொட்டோ கொட்டென்று கொட்டுகிறது. ஆனால் ஆபீஸிலிருந்தும் பள்ளிக்கூடத்திலிருந்தும் எல்லோரும் வீடு திரும்பி, விசிறி, டெலிவிஷன், மிக்ஸி என்று ஒவ்வொன்றாகப் போடுகிற சமயம் பார்த்துப் பலகை தூங்கப் போய்விடுகிறது.

சூரியன் நமக்காக இறங்கி வரப் போவதில்லை. நாம் ஏறிப் போனால் என்ன?

இப்படிக் கேட்டவர்கள் பைத்தியக்காரர்கள் அல்ல. முதலில் கேட்டவர் கதாசிரியர். ஐஸக் அஸிமாவ் 1941-ல் எழுதிய ஒரு விஞ்ஞானக் கதையில், ஆகாசத்தில் ஒரு நிலையம் சூரிய சக்தியைச் சேகரித்துக் கிரகங்களுக்கு அனுப்புகிறது. கதைதானே என்று விட்டுவிட்டார்கள். 1968-ல் பீட்டர் கிளேஸர் என்ற எஞ்சினீயர் அதையே கணக்குப் போட்டு, 'ஸயன்ஸ்' பத்திரிகையில் கட்டுரையாக எழுதினார். இவர் செக்கோஸ்லோவாகியாவில் பிறந்து அமெரிக்காவில் குடியேறியவர். 1973-ல் அமெரிக்க சர்க்கார் அவருடைய யோசனைக்குப் பேடண்டும் கொடுத்தது.

யோசனை இதுதான். பூமத்திய ரேகைக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு செயற்கைக் கோளை நிறுத்தினால், பூமி ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் அதுவும் ஒரு சுற்றுச் சுற்றிவிடும். கீழேயிருந்து பார்த்தால், கோபுரக் கலசம் மாதிரி ஒரே இடத்தில் நிற்பதாகத் தோன்றும். அங்கே மேகம் இல்லை, மழை இல்லை. ஒரு சதுர மீட்டரில் 1,361 வாட் வெயில் விழுகிறது. ராத்திரி என்பதும் பெயருக்குத்தான்: மார்ச், செப்டம்பர் மாதங்களை ஒட்டிச் சுமார் ஒன்றரை மாதம், நடுநிசி வேளையில், அதிகம் போனால் ஒரு மணி பத்து நிமிஷம் பூமியின் நிழல் விழும். மற்றப்படி வருஷம் முழுவதும் பகல்!

"சரி, அங்கே உண்டாக்கிய மின்சாரத்தை இங்கே எப்படிக் கொண்டுவருவது? கம்பியா கட்ட முடியும்?" என்று கேட்பீர்கள். கம்பி வேண்டாம். உங்கள் சமையலறையில் மைக்ரோவேவ் அடுப்பு இருந்தால் விடையில் பாதி அங்கேயே இருக்கிறது. அந்த அடுப்பைக் கண்டுபிடித்தவர் ரேதியான் கம்பெனியில் வேலை பார்த்த பெர்ஸி ஸ்பென்ஸர். 1945-ல் ராடார் யந்திரத்தின் அருகே நின்றபோது தம் சட்டைப் பையிலிருந்த மிட்டாய் உருகிப்போனதைப் பார்த்து அவருக்கு யோசனை உதித்தது என்பார்கள். அதே கம்பெனியில் இருந்த வில்லியம் பிரௌன் என்பவர், அந்த அலைகளைக் கொண்டு சக்தியை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு அனுப்பலாமே என்று பிடித்துக்கொண்டார். 1964-ல் ஒரு சின்ன ஹெலிகாப்டரை, எண்ணெய் இல்லாமல் கம்பி இல்லாமல், கீழேயிருந்து அனுப்பிய மைக்ரோவேவ் பலத்திலேயே பறக்கவிட்டுக் காட்டினார். 1975-ல் கலிபோர்னியாவின் கோல்ட்ஸ்டோன் பாலைவனத்தில் அவரும் சகாக்களும் ஒன்றரைக் கிலோமீட்டர் தூரத்துக்கு 30 கிலோவாட்டுக்கு மேல் அனுப்பி, மறுமுனையில் விளக்குகளை எரியவிட்டார்கள்.

ஆக, காரியம் நடக்கக்கூடியது. இது தெரிந்து ஐம்பது வருஷம் ஆகிவிட்டது. பின்னே ஏன் இன்னும் நம் வீட்டு மீட்டரில் ஆகாச மின்சாரம் ஓடவில்லை?

இங்கேதான் விஷயமே இருக்கிறது. கையில் டார்ச் லைட் இருந்தால் சுவருக்கு அருகில் பிடித்து அடித்துப் பாருங்கள். வெளிச்சம் ஒரு ரூபாய் வட்டமாக விழும். நாலடி பின்னால் போங்கள். வட்டம் தாம்பாளம் அளவுக்கு விரிந்துவிடும். மைக்ரோவேவும் அப்படித்தான் விரிகிறது. 36,000 கிலோமீட்டர் வந்து சேருவதற்குள் எவ்வளவு விரியும்! விரியாமல் கட்டுப்படுத்த வேண்டுமானால் மேலே அனுப்புகிற ஏரியல் பிரம்மாண்டமாக இருக்க வேண்டும். அமெரிக்க எரிசக்தி இலாகாவும் நாஸாவும் 1970-களின் பிற்பகுதியில் சேர்ந்து உட்கார்ந்து போட்ட திட்டத்தில், அனுப்பும் ஏரியலின் குறுக்களவு ஒரு கிலோமீட்டர். வெயில் வாங்கும் பலகை நீளம் 10 கிலோமீட்டர், அகலம் 5. கீழே அலைகளை வாங்கும் கம்பி வலைக்கு 13-க்கு 10 கிலோமீட்டர் நிலம்; ஒரு நடுத்தரப் பட்டணமே அதற்குள் அடங்கிவிடும். கோள் ஒவ்வொன்றும் 35,000 முதல் 50,000 டன் எடை. இப்படி அறுபது கோள்கள்! இன்று தலைக்கு மேலே சுற்றும் சர்வதேச விண்வெளி நிலையம் சுமார் 420 டன்தான். அதைக் கட்டி முடிக்கவே 1998-ல் தொடங்கிப் பத்து வருஷத்துக்கு மேல் பிடித்தது.

இதிலுள்ள கஷ்டம் பெரிதாக இருப்பது மட்டுமல்ல. சின்னதாக ஆரம்பிக்க முடியாது என்பதுதான். ஊறுகாய் வியாபாரம் தொடங்குகிற பெண்மணி முதலில் நாலு ஜாடி போட்டு அக்கம்பக்கத்தில் விற்றுப் பார்க்கிறாள். விற்றால் நாற்பது ஜாடி. ஆகாச மின்சாரக் கடையில் நாலு ஜாடி என்ற பேச்சே இல்லை. எடுத்த எடுப்பில் பாக்டரி. கொஞ்சமாக மின்சாரம் அனுப்பினாலும் ஏரியல் கிட்டத்தட்ட அவ்வளவே பெரிதாக வேண்டும். எந்த முதலாளி துணிவான்? 1981-ல் அமெரிக்க தேசிய ஆராய்ச்சிக் கவுன்ஸில் அந்தத் திட்டத்தைப் பரிசீலித்து, அடுத்த பத்து வருஷத்துக்கு இதில் பணம் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டது.

அந்தப் பழைய திட்டத்தில் ஒரு நல்ல காரியம் நடந்தது. அதைச் சொல்லாமல் போனால் நியாயமல்ல. கோளைக் கட்டுவதற்கு முன்னாலேயே, இதனால் பூமிக்கு என்ன கெடுதல் வரும் என்று கேட்டார்கள். ஆகாசத்திலிருந்து மைக்ரோவேவ் என்றதும் நம்மில் பலருக்கு, தெருவில் நடக்கிறவர்கள் அப்பளம் மாதிரி பொரிந்துவிடுவார்களோ என்று பயம் வரும். அப்படி வராது. திட்டப்படி கற்றையின் நடுமையத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 23 மில்லிவாட். நம் தலையில் விழும் உச்சி வெயிலில் இது கால் பங்குகூட இல்லை. வலையின் ஓரத்துக்கு வந்தால் ஒரே மில்லிவாட். பொதுஜனங்கள் மேல் படலாம் என்று அமெரிக்க சர்க்கார் இன்று வைத்திருக்கும் வரம்பும் அதுவே. கற்றை திசை மாறி ஊருக்குள் வராதிருக்கவும் ஒரு தந்திரம் உண்டு. கீழேயிருந்து ஒரு வழிகாட்டிச் சமிக்ஞை மேலே போய்க்கொண்டிருக்கும். அதைப் பார்த்துத்தான் ஏரியலின் துண்டுகள் எல்லாம் ஒரே தாளத்தில் சேர்கின்றன. சமிக்ஞை நின்றால் தாளம் கலைந்து கற்றை சிதறிவிடும்.

தேனீக்களையும் விட்டுவைக்கவில்லை. கலிபோர்னியா சர்வகலாசாலையின் டேவிஸ் வளாகத்தில் வெஸ்டர்டால், கேரி என்ற இருவர் தேனீக்களை அரை மணி நேரம் இந்த அலைகளில் வைத்து, வெளியே விட்டு, கூட்டுக்குச் சரியாக வழி கண்டுபிடித்து வருகின்றனவா என்று பார்த்தார்கள். நடுமையத்தைப் போல் இரண்டு மடங்குக்கு மேலேயே, 50 மில்லிவாட் வரை கொடுத்துப் பார்த்தார்கள். பாவம், தேனீக்கள் ஒன்றும் நடக்காதது போல வீடு திரும்பின. 1981-ல் முடிவு வெளியாயிற்று. நல்ல சமாசாரம்தான். ஆனாலும் அரை மணி வேறு, முப்பது வருஷம் வேறு. அந்த வலைக்கு அடியில் தலைமுறை தலைமுறையாகக் கூடு கட்டப் போகும் குருவிகளுக்கு என்ன ஆகும் என்பதற்கு அரை மணிச் சோதனையைச் சாட்சிக்கு அழைக்கக் கூடாது.

பிறகு வந்தார்கள் வியாபாரிகள். 2009-ல் கலிபோர்னியாவில் ஸோலாரென் என்ற கம்பெனி, அங்குள்ள பெரிய மின்சாரக் கம்பெனியான பி.ஜி. அண்ட் ஈ.யுடன் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டது. 2016-லிருந்து பதினைந்து வருஷம் 200 மெகாவாட் ஆகாசத்திலிருந்து சப்ளை! மாநில அதிகாரிகளும் அதே வருஷ டிசம்பரில் சம்மதம் கொடுத்தார்கள். 2016 வந்தது, போயிற்று. மின்சாரம் வரவில்லை. சரக்கு வந்தால்தான் பணம் என்று மின்சாரக் கம்பெனி எழுதி வாங்கியிருந்ததால் அதற்கு நஷ்டமில்லை. கெட்டிக்காரத்தனம் என்றால் இது!

இவ்வளவும் ஆன பிற்பாடு இப்போது மறுபடியும் பேச்சு கிளம்பியிருக்கிறதே, ஏன்? ராக்கெட் கூலி இறங்கிவிட்டது. ஸ்பேஸ்-எக்ஸ் கம்பெனி 2015 டிசம்பரில் தன் ராக்கெட்டின் அடிப்பாகத்தைப் பத்திரமாகத் தரையிறக்கி, 2017-ல் அப்படி இறங்கிய ஒன்றை மறுபடி பறக்கவிட்டது. ஒரு முறை ஓட்டிவிட்டு லாரியைக் கடலில் தள்ளிக்கொண்டிருந்தவர்கள், லாரியை வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவரக் கற்றுக்கொண்டார்கள். சூரியப் பலகையின் விலையும் சரிந்துவிட்டது. 2010-ல் நம் அப்துல் கலாம் அவர்களும் அமெரிக்காவின் நேஷனல் ஸ்பேஸ் சொஸைட்டியும் சேர்ந்து இந்த யோசனைக்காக ஒரு முயற்சியைத் தொடங்கினார்கள். 2015 மார்ச்சில் ஜப்பானில் மிட்ஸுபிஷி கம்பெனி அரைக் கிலோமீட்டர் தூரத்துக்கு 10 கிலோவாட் அனுப்பியது. 2022-ல் சீனாவின் ஷிடியான் சர்வகலாசாலை 75 மீட்டர் உயர இரும்புக் கோபுரம் கட்டிச் சோதித்தது.

எனக்குப் பிடித்தது கால்டெக் கலாசாலையின் சோதனை. டொனால்ட் பிரென் என்ற கட்டடத் தொழில் கோடீசுவரர் பத்து கோடி டாலருக்கு மேல் நன்கொடை கொடுக்க, 2023 ஜனவரியில் ஒரு சிறு யந்திரத்தை மேலே அனுப்பினார்கள். அது தன்னிடமிருந்து ஒரே ஓர் அடி தள்ளி இருந்த இரண்டு குட்டி விளக்குகளைக் கம்பியில்லாமல் எரியவைத்தது. பிறகு மே மாதம் பூமியை நோக்கி ஒரு கற்றையை அனுப்ப, பாஸடினாவில் கலாசாலைக் கட்டடத்தின் மொட்டை மாடியில் வைத்திருந்த கருவி அதைக் கண்டுகொண்டது. ஒரு விளக்கையும் எரிக்கக் காணாத அளவுதான். ஆனால் ஆகாசத்திலிருந்து வந்தது! அதே பயணத்தில் மடித்து வைத்த சட்டம் ஒன்று விரியும்போது ஒரு கம்பி மாட்டிக்கொண்டு திண்டாட வைத்தது. குடை விரியாமல் மக்கர் பண்ணினால் நாம் ஒரு தட்டுத் தட்டுகிறோம். மேலே போய் யார் தட்டுவது? கீழேயிருந்தபடியே தந்திரம் செய்து விடுவித்தார்கள். பல கிலோமீட்டர் அகலத்துக்கு ஆயிரக்கணக்கான துண்டுகளை இப்படி விரிக்க வேண்டியிருக்கும் என்பதை நினைத்துப் பாருங்கள்.

இனி, வீட்டுக் கணக்கு நோட்டை எடுங்கள். 2024 ஜனவரியில் நாஸாவே ஒரு கணக்கை வெளியிட்டது. நல்லதுதான், தன் சரக்கைத் தானே தராசில் வைக்கும் கடைக்காரன் எத்தனை பேர்? இரண்டு மாதிரித் திட்டங்கள். ஒவ்வொன்றும் 2 ஜிகாவாட். 2050-ல் வேலை தொடங்குவதாக வைத்துக்கொண்டார்கள். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஒன்றில் 61 சென்ட், மற்றொன்றில் ஒரு டாலர் 59 சென்ட் ஆகிறது. தரையில் கிடைக்கும் மாற்று வழிகளுக்கோ 2 முதல் 5 சென்ட்! அதாவது பன்னிரண்டு மடங்கிலிருந்து எண்பது மடங்கு வரை அதிகம். செலவில் முக்கால்வாசியை ராக்கெட் கூலியே தின்றுவிடுகிறது. கூலி இன்னும் இறங்கி, பலகைகள் இன்னும் நீண்ட நாள் உழைத்து, எல்லாமே நினைத்தபடி நடந்தால் போட்டிக்கு வரலாம் என்றும் அதே அறிக்கை சொல்கிறது. எத்தனை "ஆல்" என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

கரியமில வாயு விஷயத்தில் அறிக்கை பரவாயில்லை என்கிறது. கட்டுவது, ஏற்றுவது எல்லாம் சேர்த்தும் யூனிட்டுக்கு 26 அல்லது 40 கிராம். தரையிலுள்ள காற்றாலை, சூரியப் பலகைகளை ஒத்த அளவு. நிலக்கரியோடு ஒப்பிட்டால் சொற்பம். ஆனால் வாயுவோடு கணக்கு முடிந்துவிடுவதில்லை. நாஸாவின் சிறிய திட்டத்துக்கே, எரிபொருள் சுமந்து போகும் பயணங்களையும் சேர்த்து, 2,300-க்கு மேல் ராக்கெட் ஏற வேண்டும். பெரியதற்குக் கிட்டத்தட்ட 4,000. மண்ணெண்ணெய் எரிக்கும் ராக்கெட்டுகள் ஏற்கெனவே வருஷத்துக்குச் சுமார் ஆயிரம் டன் கரிப் புகையை மேல் வாயுமண்டலத்தில் விடுகின்றன என்று அமெரிக்கக் கடல், வாயுமண்டல நிர்வாகத்தின் விஞ்ஞானிகள் 2022-ல் கணக்கிட்டார்கள். அது பத்து மடங்கானால் அங்கே உஷ்ணம் அரை டிகிரியிலிருந்து இரண்டு டிகிரி வரை ஏறலாமாம். கீழே அடுப்புப் புகையை ஒரு மழை கழுவிவிடும். அவ்வளவு உயரத்தில் மழை ஏது? தங்கிவிடுகிறது. புது ராக்கெட்டுகள் மீதேன் எரிக்கின்றன, கரி குறைவு என்று சமாதானம் சொல்கிறார்கள், இருக்கலாம்.

போகும்போது புகை; திரும்பும்போது? வயதான கோள்கள் விழுந்து எரிகிறபோது உலோகம் ஆவியாகி மேலே படிகிறது. 2023-ல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியில், விமானத்தில் மிக உயரத்தில் பறந்து பொறுக்கிய கந்தக அமிலத் துகள்களில் பத்தில் ஒன்றில் அலுமினியமும் ராக்கெட், கோள்களின் மற்ற உலோகங்களும் இருப்பதைக் கண்டார்கள். இன்றுள்ள கோள்களுக்கே இந்த நிலை. ஆயிரக்கணக்கான டன் எடையுள்ள பலகைக்கு ஆயுள் முடிந்தால் அதை எங்கே கொண்டு போடுவது என்று கடை திறக்கும் முன்பே கேட்டுவிட வேண்டும். பழைய பேப்பர்க்காரர் அங்கே வர மாட்டார்.

சில கம்பெனிகள் வேறு வழி பார்க்கின்றன. ராபின்ஹுட் பங்கு வியாபாரக் கம்பெனியைத் தொடங்கிய இருவரில் ஒருவரான பைஜு பட், 2024-ல் ஈதர்ஃப்ளக்ஸ் என்று ஒன்றை ஆரம்பித்து, கோளைத் தாழ்வாக ஓட்டி, லேஸர் மூலம் அனுப்பலாம் என்றார். லேஸர் விரிவது குறைவு. ஆகவே நாலு ஜாடி வியாபாரம் சாத்தியம். ஆனால் மேகம் வந்தால் லேஸர் நின்றுவிடும். வடாம் கதைக்கே திரும்பிவிட்டோம்!

இன்னொரு கம்பெனியின் யோசனையைக் கேட்டதும் எனக்குத் திக்கென்றது. கலிபோர்னியாவின் ரிஃப்ளெக்ட் ஆர்பிட்டல், மின்சாரமே வேண்டாம், வெயிலையே கண்ணாடியால் திருப்பி ராத்திரியில் விற்கிறோம் என்கிறது. 2025-ல் 18 மீட்டர் கண்ணாடி ஒன்றைப் பறக்கவிட அமெரிக்க சர்க்காரிடம் விண்ணப்பம் போட்டது. புதுசல்ல இது. 1993 பிப்ரவரியில் ரஷ்யர்கள் 'ஸ்னாம்யா' என்ற 20 மீட்டர் கண்ணாடியை விரித்து, ஐந்து கிலோமீட்டர் அகல வெளிச்ச வட்டத்தை ஐரோப்பாவின் மேல் ஓடவிட்டார்கள். 1999-ல் அடுத்த கண்ணாடி விரியும்போதே ஓர் ஏரியலில் சிக்கிக் கிழிந்தது, அத்தோடு விட்டார்கள். நட்சத்திரங்களை ஆராய்கிறவர்கள் இப்போதே கூக்குரல் போடுகிறார்கள். எனக்கு அவர்கள் பக்கம்தான். இருட்டு வேண்டியவர்கள் விஞ்ஞானிகள் மட்டுமல்ல. ராத்திரியில் இரை தேடும் ஆந்தை, விட்டில், தொட்டிலில் தூங்கும் குழந்தை எல்லோருக்கும் அது வேண்டும். ஒருவர் பணம் கொடுத்து வெளிச்சம் வாங்கலாம். அடுத்த வீட்டுக்காரர் தம் இருட்டை எந்தக் கடையில் திரும்ப வாங்குவார்?

ஆராய்ச்சி நடக்கட்டும் என்பதே என் கட்சி. கால்டெக் மாதிரி நன்கொடையில் நடந்தால் ரொம்ப நல்லது. ஆனால் கூரைப் பலகையும் பாட்டரியும் வருஷத்துக்கு வருஷம் மலிந்துகொண்டிருக்கும்போது, ஜனங்களின் வரிப்பணத்தை அட்வான்ஸாகக் கேட்டுக்கொண்டு எந்தக் கம்பெனி வந்தாலும், ஸோலாரென் விஷயத்தில் நடந்ததைப் போல, சரக்கு வந்த பிறகு பணம் என்று எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். புகைக் கணக்கையும் குப்பைக் கணக்கையும் அதே காகிதத்தில் சேர்த்து எழுதச் சொல்ல வேண்டும்.

அடுத்த தவணை எங்கே என்று கேட்பவர்களுக்கு: பிரிட்டனைச் சேர்ந்த ஸ்பேஸ் ஸோலார் என்ற கம்பெனி 2024 அக்டோபரில் ஐஸ்லாந்தின் ரேக்யவிக் எனர்ஜியோடு கை கோத்திருக்கிறது. 30 மெகாவாட், 2030-க்குள். ஐஸ்லாந்தில் பூமிக்கடியில் கொதிக்கும் வெந்நீரிலிருந்தே மின்சாரம் எடுக்கிறார்கள். அந்த ஊரில் குளிர்காலத்தில் சூரியன் நாலைந்து மணி நேரம் தலை காட்டிவிட்டுப் போய்விடும். அங்கே கடை போட நினைத்தது சாமர்த்தியம்தான். காலண்டரில் 2030-ஐக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். நானும் குறித்து வைத்திருக்கிறேன்.